மதுரை மல்லியும் கொத்தமல்லியும்... ஜின் வகுப்புக்குப் போகாமலே மூக்கைப் பழக்கும் ஊர்!

கோவாவிலோ பெங்களூரிலோ 'ஜின் டேஸ்டிங்' வகுப்புக்கு முதல்முறை போகிறவர் முன்னால், பெரும்பாலும் கிளாஸுக்கு முன்பு சின்னச் சின்னக் கிண்ணங்கள்தான் வரும். கொத்தமல்லி விதை, ஏலக்காய், எலுமிச்சைத் தோல், அதிமதுரம், சுக்கு. கூடவே கருநீலத்தில் சுண்டைக்காய் சைஸில் ஜூனிப்பர் காய். ஒவ்வொன்றையும் முகர்ந்துவிட்டு என்ன தோன்றுகிறது என்று சொல்லவேண்டும். புதிதாக வந்தவர் திகைத்து உட்கார்ந்திருப்பார். பக்கத்து மேஜையில் 'ஃப்ளோரல்', 'எர்த்தி', 'சிட்ரஸ்' என்று ஆங்கிலம் பறக்கும். தனக்கு மட்டும் மூக்கே வேலை செய்யவில்லையோ என்று சந்தேகம் வந்துவிடும்.

அந்தக் கிண்ணங்களைப் பார்த்தால் மதுரைக்காரர்களுக்குச் சிரிப்புதான் வரும். ஜூனிப்பர் ஒன்றைத் தவிர, மீதியெல்லாம் கீழமாசி வீதியில் ஒரே நடையில் வாங்கிவிடலாம்.

ஜின் என்பது ரொம்பச் சிக்கலான விஷயம் இல்லை. வாசனையே இல்லாத சாராயத்தில் ஜூனிப்பரையும் மற்ற வாசனைப் பொருள்களையும் சேர்த்து மறுபடி வடித்தால் அதுதான் ஜின். மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் ஊறவேண்டிய அவசியமும் கிடையாது. அதனால்தான் 2017-க்குப் பிறகு கோவாவில் அடுத்தடுத்து புது ஜின்கள் வர ஆரம்பித்தன. வகுப்புகளும் கூடவே வந்தன. ஐரோப்பிய விதிப்படி ஜூனிப்பரின் வாசனை மேலோங்கி இருக்கவேண்டும், ஆல்கஹால் 37.5 சதவிகிதத்துக்குக் குறையக்கூடாது. அதாவது, பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆல்கஹால். பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னதும் இந்தப் பண்டத்தைப் பற்றித்தான். குடும்பத்தோடு படிக்கிற பக்கத்தில் இதைச் சொல்லாமல் மேலே போகமுடியாது.

ஆனால், அந்த வகுப்பில் சொல்லித்தருகிற வித்தை இருக்கிறதே, அது குடிக்காதவருக்கும் பயன்படும். மூக்கைக் கிளாஸுக்குள் விடாமல் சற்றுத் தள்ளிவைத்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு முகர்வது. ஒரு சிறு மிடறை நாக்கு முழுக்கப் பரவவிட்டுக் காத்திருப்பது. விழுங்கிய பிறகு தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிற இரண்டாவது வாசனையைக் கவனிப்பது. நடுவில் மூக்கு மரத்துப்போனால், தன் முழங்கை மடிப்பையே ஒருமுறை முகர்ந்துகொள்வது. அவ்வளவுதான் பாடம். இந்தப் பாடத்தை மனதில் வைத்துக்கொண்டு மதுரையில் ஒருநாள் சுற்றினால் என்ன ஆகும்?

விடிகாலையில் மாட்டுத்தாவணி

மாட்டுத்தாவணி மலர் சந்தை விடிவதற்கு முன்பே சுறுசுறுப்பாகிவிடும். திருமங்கலம், உசிலம்பட்டி, திருப்பரங்குன்றம் பக்கமிருந்து மூட்டை மூட்டையாக மல்லிகை வந்து இறங்கும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி இதுதான். ஆனால், புதிதாக வருபவருக்கு இங்கே ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. சந்தையே கமகமவென்று மூக்கைத் துளைக்கும் என்று நினைத்து வந்திருப்பார். கையில் எடுத்தால் அரும்பு. பச்சை வாசம்தான் முன்னால் நிற்கும். ஏனென்றால், மலர்வதற்கு முன்பே பறித்துவிடுவார்கள். அந்த அரும்பு வாய் திறப்பது இரவில்தான். அதே பூவை ராத்திரி எட்டு மணிக்கு டவுன் பஸ்ஸில், முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் தலையில் முகர நேர்ந்தால் அது வேறு பூ. ஒரே பொருள் நேரத்துக்கு நேரம் வேறு மணம் தரும் என்பது எந்தச் சுவைப்பயிற்சியிலும் முதல் பாடம். மதுரையில் அதற்குக் கட்டணம் கிடையாது.

இங்கே ஒரு வேடிக்கை. ஜின்னில் ஜூனிப்பருக்கு அடுத்த இடம் கொத்தமல்லி விதைக்குத்தான். அந்த விதையிலிருந்து எடுக்கும் எண்ணெயில் பாதிக்கும் மேல் லினலூல் என்ற ஒரே வாசனைப் பொருள். மல்லிகையின் மணத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்றும் இதே லினலூல்தான். மளிகைக்கடையில் மல்லி என்றால் கொத்தமல்லி, பூக்கடையில் மல்லி என்றால் மல்லிகை. பேர்தான் ஒன்று என்று பார்த்தால், மணத்திலும் கொஞ்சம் ஒன்று! நம்பாதவர்கள் கொஞ்சம் கொத்தமல்லி விதையை உள்ளங்கையில் வைத்து நசுக்கி, உடனே முகராமல் நாலைந்து விநாடி விட்டு முகர்ந்து பார்க்கலாம். ரசப்பொடி வாசனைக்குப் பின்னால் ஒரு பூ வாசம் எட்டிப்பார்க்கும்.

சந்தையிலிருந்து நகருக்குள் வந்தால் கீழமாசி வீதி. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக விரியும் வீதிகளில் மளிகை வியாபாரத்துக்குப் பேர்போனது. சுக்கு, திப்பிலி, அதிமதுரம், ஏலக்காய் எல்லாம் இங்கே சாக்குப்பையில் வாய் பிளந்து நிற்கும். ஏலக்காய் வருவது போடி மலைப்பக்கமிருந்து. அகலப்பாதைப் பணிக்காகப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் நின்றுபோயிருந்த போடி ரயில் 2023-ல்தான் திரும்ப வந்தது. ஏலக்காய் வாசத்தோடு ரயில் ஏறியவர்கள் அந்தப் பக்கத்தில் ஏராளம்.

சரி, ஜூனிப்பர்? அது இந்தச் சமவெளியில் விளையாது. இமயமலைப் பக்கம் வளர்கிற செடி. ஆனால், அதன் வாசனை இங்கே அந்நியமில்லை. கொடைக்கானல் பைன் காட்டில் மழைக்குப் பிறகு நடந்தவருக்கு அது தெரியும். பெயின்ட் அடிக்கிறவர் கை கழுவுகிற டர்பன்டைனிலும் அந்தச் சாயல் உண்டு. இரண்டிலும் இருப்பது ஆல்ஃபா-பைனீன். ஜூனிப்பரிலும் முக்கியமானது அதுவே. இன்று ஆலையில் தயாராகும் கற்பூரம்கூட இந்தப் பைனீனிலிருந்து செய்யப்படுவதுதான். ஆக, சூடம் காட்டுகிற எந்த வீட்டுக்கும் ஜூனிப்பர் தூரத்து உறவு.

விளக்குத்தூண் பக்கம்

கீழமாசி வீதியிலிருந்து நடக்கிற தூரம்தான் விளக்குத்தூண். 1840-களில் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்த தூண் அது. அந்த வேலையில் கூட இருந்த மாரட், பெருமாள் மேஸ்திரி இருவரும் தெருப்பெயர்களாகவே நிலைத்துவிட்டார்கள். இன்றைக்கு அந்தச் சந்திப்பின் பேரைச் சொன்னால் கலெக்டர் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஜிகர்தண்டாதான்.

'ஜிகர்' என்றால் ஈரல், நெஞ்சு. 'தண்டா' என்றால் குளிர்ச்சி. பேரே சொல்லிவிடுகிறது இது மதுரைக்கு வடக்கேயிருந்து வந்த பேச்சு என்று. சாதா, ஸ்பெஷல், பாசுந்தி என்று கேட்பார்கள். எதைச் சொன்னாலும் கை பரபரவென்று இயங்கும்: பிசின், நன்னாரி சிரப், சுண்டக்காய்ச்சிய பால், மேலே ஒரு கரண்டி ஐஸ்க்ரீம். வெயிலில் வந்தவர் மடமடவென்று குடித்துவிட்டு கிளாஸை வைத்துவிடுவார். பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் செய்கிற தப்பு இதுதான். கடுங்குளிரில் நாக்கு மரத்துப்போகும். இனிப்பும் மணமும் பாதிதான் தெரியும். ஐஸ்க்ரீமைக் கொஞ்சம் கரையவிட்டு, ஸ்பூனால் அடிவரை கலக்கி, இரண்டு நிமிஷம் பொறுத்தால் அடியிலிருந்து ஒரு வாசம் கிளம்பும். மழை பட்ட மண், கூடவே வெனிலா, கடைசியில் லேசான மருந்துக் கசப்பு. அது நன்னாரி.

பாதாம் பிசினுக்கு மணமும் கிடையாது, ருசியும் கிடையாது. ராத்திரி ஊறவைத்தால் காலையில் பாத்திரம் கொள்ளாமல் உப்பிநிற்கும். அதன் வேலை வழுவழுப்பு மட்டும். சிலர் கடல்பாசி சேர்ப்பார்கள். இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் பலர். ஒன்று மரத்தின் கோந்து, மற்றது கடலில் விளைவது. அந்தப் பாசிக்காக ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூச்சடக்கி மூழ்குகிறார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-ல் தேசியப் பூங்காவான பிறகு, பாட்டி காலத்திலிருந்து போய்வந்த தீவுகளுக்கு அவர்கள் தயங்கித் தயங்கித்தான் போகவேண்டியிருக்கிறது. குளிர்ச்சியாக இறங்குகிற ஒரு ஸ்பூனுக்குள் இதுவும் இருக்கிறது.

நன்னாரிக்கு வருவோம். அதன் வேரில் மணப்பதும் வெனிலாவில் மணப்பதும் ஒரே அணுக்களால் ஆனவை. அடுக்கியிருக்கும் விதம் மட்டும் வேறு. பாலோடும் ஐஸ்க்ரீமோடும் நன்னாரி இவ்வளவு இயல்பாகச் சேர்வதில் ஆச்சர்யமில்லை. பிரச்னை என்னவென்றால், இந்த மணத்தை எசென்ஸாகவும் வாங்கமுடியும். சர்க்கரைப் பாகு, எசென்ஸ், கொஞ்சம் கலர் போதும். எசென்ஸ் சிரப் மூக்கில் முதலிலேயே ஓங்கி அடித்துவிட்டு, விழுங்கியதும் காணாமல் போகும். வேரில் எடுத்தது முதலில் அடக்கமாக இருக்கும்; விழுங்கிய பிறகுதான் தொண்டையில் வந்து உட்காரும். வித்தியாசம் தெரியாதவர் முன்னால் வேருக்குக் கூடுதல் காசு கொடுத்து வாங்கிய கடைக்காரரும், எசென்ஸ் ஊற்றிய கடைக்காரரும் ஒன்றுதான். முன்னவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்?

வேர் தரப்பிலும் சிக்கல் உண்டு. இலையைப் பறித்தால் செடி தழைக்கும். வேரைத் தோண்டினால் செடியே போய்விடும். இதே மணமுள்ள மாகாளிக்கிழங்கு, ஊறுகாய்க்காகவும் சர்பத்துக்காகவும் மலைகளில் தோண்டப்பட்டுக் குறைந்துகொண்டே வருகிறது. கட்டுக்கட்டாக வாங்கிக் காய்ச்சிக் கொட்டுகிற சரக்கு இல்லை இது.

வீட்டில் செய்துபார்க்க நினைப்பவர்கள் ஒரு தப்பைத் தவிர்த்தால் போதும். வேரை நேரடியாகப் போட்டுக் கொதிக்க வைக்கக்கூடாது. ஆவியோடு மணமும் போய்விடும். கழுவி, இடித்து, நடுவிலிருக்கும் மரக்கட்டைபோன்ற தண்டை எடுத்துவிட்டு, மேல்தோலை மட்டும் வெந்நீரில் போட்டு மூடி ஒரு ராத்திரி வைக்கவேண்டும். சர்க்கரைப் பாகை மட்டும் தனியாகக் காய்ச்சி, ஆறிவரும்போது வடிகட்டிய நீரை அதில் சேர்க்கலாம். எலுமிச்சை கடைசியில்.

நெடி, காறல், வாடை

ஜின் வகுப்பில் புதியவர் வாயடைத்துப் போவதற்கு மூக்கு காரணமில்லை, சொல்தான் காரணம். கையில் கொடுத்த அட்டையில் எல்லாம் ஆங்கிலம். தமிழில் யோசித்தால் கதை மாறிவிடும். மணம், வாசம், வாடை, வீச்சம், நெடி என்று மூக்குக்கே எத்தனை! ஜின்னை முகர்ந்ததும் மூக்கைச் சுள்ளென்று தாக்குகிறதே, அதற்கு மிளகாய் தாளிக்கிற வீட்டில் பேர் இருக்கிறது: நெடி. தொண்டையில் கரகரவென்று பிடிக்கிறதே, அது காறல். சேனைக்கிழங்கு சரியாக வேகாதபோது வரும் அதே சங்கடம். டானிக் தண்ணீரில் இருப்பது கசப்பு. அதைத் தரும் குயினைனுக்காக 1860-களில் நீலகிரியிலேயே சின்கோனா மரங்களை வளர்த்தார்கள் வெள்ளைக்காரர்கள். நாக்கை இறுக்கிப் பிடித்தால் துவர்ப்பு. 'நாற்றம்' என்ற சொல்லே ஒருகாலத்தில் நறுமணத்தைக் குறித்தது. இப்போது மூக்கைப் பொத்தவைக்கிறது.

மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் நாளங்காடி, அல்லங்காடி என்று பகல் கடைக்கும் ராத்திரி கடைக்கும் தனித்தனிப் பேர் சொல்லியிருக்கிறார். தூங்காநகரம் என்பது நேற்று வைத்த பட்டப்பெயர் இல்லை. மூக்குக்கும் நாக்குக்கும் சொல் சேர்த்துவைத்த ஊர், ஒரு அட்டையைப் பார்த்துப் பயப்படுவதில் நியாயமில்லை.

ஊருக்கு வெளியே

நகரிலிருந்து வடகிழக்கே 21 கிலோமீட்டர் போனால் அழகர்கோவில். மேலே மலையில் நூபுர கங்கை. ஐப்பசி தைலக்காப்புக்கு அழகருக்கு இந்த நீர்தான். வேறு நீர் பட்டால் மேனி கறுத்துவிடும் என்பது நம்பிக்கை. தண்ணீருக்கு என்ன ருசி என்று கேட்பவர்கள் இங்கே ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, பையில் இருக்கும் பாட்டில் தண்ணீரை ஒரு வாய் குடித்தால் போதும். கீழே பிரசாத தோசை கிடைக்கும்; தடிமனாக, மொறுமொறுப்பாக. அது சுவைப்பயிற்சியில் வராது. ஆனால், சாப்பிடாமல் வரக்கூடாது.

சித்திரையில் இதே அழகர் கள்ளழகராக வைகைக்கு வரும்போது வழிநெடுகப் பானகமும் நீர்மோரும் பந்தல் போட்டுக் கொடுப்பார்கள். ஜின் வகுப்புக்கு மதுரையில் மிக நெருங்கிய உறவு இந்தப் பானகம்தான். ஏலக்காய், சுக்கு, எலுமிச்சை. சில கைகளில் ஒரு துளி பச்சைக் கற்பூரமும் சேரும். கிண்ணங்களில் வைத்திருந்ததெல்லாம் ஏறக்குறைய வந்துவிட்டது. ஆல்கஹாலுக்குப் பதில் வெல்லம். கூட்டத்தில் இடிபட்டு, வெயிலில் வதங்கி, பேப்பர் கப்பில் வாங்கிக் குடிக்கும்போது, முதலில் வெல்லம், பிறகு எலுமிச்சை, தொண்டைக்குக் கீழே இறங்கிய பிறகு சுக்கின் சூடு. மூன்று அடுக்காகத் தனித்தனியே தெரியும். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

ராமநாதபுரம் சாலையில் போகப்போகப் பனைகள் கூடும். கோடையில் பதநீர் விற்கிறவர்கள் காலையிலேயே வந்து காலையிலேயே போய்விடுவார்கள். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர். தடவாமல் விட்டால் அது சில மணி நேரத்தில் தானாகப் புளித்துக் கள்ளாகிவிடும். ஒரு விரல் சுண்ணாம்புதான் இரண்டுக்கும் எல்லை. அந்த எல்லையைச் சட்டமும் பிடித்துக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆலையில் தயாரான சாராய வகைகளை 2003 முதல் அரசின் டாஸ்மாக் கடைகளே சில்லறையாக விற்கின்றன; ஜின்னும் அதில் அடக்கம். கள்ளும் போதைதான், அதற்கு வக்காலத்து வாங்கவேண்டியதில்லை. ஆனால், பனையேறிகளின் கேள்வி நேரடியானது: மரத்தில் ஊறுவது குற்றம், பாட்டிலில் வருவது வருமானமா? பனை மாநில மரம். 2021 வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். மரத்தை வெட்டாமல் காக்கலாம். ஏறத் தெரிந்தவர் இல்லாமல் போனால், அந்த மரத்தின் ருசியை யார் இறக்கித் தருவது?

பதநீரைப் பொறுத்தவரை புதிதாகக் குடிப்பவர் கவனிக்கவேண்டியது ஒன்றுதான். இனிப்புக்குப் பின்னால் நாக்கில் சுண்ணாம்பின் சாயல் லேசாக இருக்கவேண்டும். அது துருத்திக்கொண்டு தெரிந்தால் சுண்ணாம்பு கூடிவிட்டது. புளிப்பு எட்டிப்பார்த்தால் நேரமாகிவிட்டது. நுங்கைப் போட்டுக் கொடுத்தால் முதலில் பதநீரை மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு நுங்குக்குப் போகலாம்.

கடைசியாகப் பருத்திப்பால்

வெயில் தாழ்ந்ததும் மதுரைத் தெருக்களில் பருத்திப்பால் வண்டிகள் தலைகாட்டும். பெரிய பாத்திரம், கீழே கனல், பக்கத்தில் துருவிய தேங்காய். வெளியூர்க்காரர்கள் 'மாட்டுக்குப் போடுற பருத்திக்கொட்டையா?' என்றுதான் முதலில் கேட்பார்கள். அதேதான். ஊறவைத்து, அரைத்து, பிழிந்து எடுத்த பாலில் அரிசிமாவு, வெல்லம் அல்லது கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய். கரிசல் மண்ணும் பஞ்சாலைகளும் இருந்த பூமியில், பஞ்சு போன பிறகு மிஞ்சிய கொட்டையை வீணாக்காமல் கண்டுபிடித்த பானம்.

நன்றாகக் கொதிக்கவேண்டும் என்பதில் சமரசம் கூடாது. பருத்தி விதையில் காசிபால் என்ற இயற்கை நச்சு உண்டு; சூட்டில்தான் அது அடங்கும். யூடியூப் பார்த்து வீட்டில் செய்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: விதைப்புக்காக விற்கும் பாக்கெட் விதையை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. பூச்சிமருந்து பூசி, கலர் ஏற்றி வருவது அது. எத்தனை முறை கழுவினாலும் குழந்தைக்குக் கொடுக்கிற பொருளாகாது. 2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்த பிறகு, பாக்கெட்டில் வரும் விதைதான் ஊரெங்கும். சமையலுக்கான கொட்டையைத் தெரிந்த கடையில் கேட்டுத்தான் வாங்கவேண்டும்.

ஜிகர்தண்டாவுக்கு நேர் எதிர் இது. சூடாக இருப்பதால் மணம் முன்னாலேயே வந்துவிடும். முதலில் சுக்கு நெடி, அடுத்து கருப்பட்டியின் புகை, அதற்கும் அடியில் வறுத்த கடலைபோல ஒரு கொட்டை வாசம். அந்தக் கடைசி வாசத்தைப் பிடிக்கத்தான் பலருக்கு இரண்டாவது டம்ளர் தேவைப்படுகிறது. வண்டிக்காரர்கள் அதற்காகவே கேட்டுவைத்ததுபோல, டம்ளர் காலியாகும் நேரம் பார்த்து, 'இன்னும் கொஞ்சம் ஊத்தவா?' என்பார்கள். எட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் கரண்டி பாத்திரத்தின் அடியைச் சுரண்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். அதற்குள் போய்விடவேண்டும்.